திரைக்குப் பின்னால் ஒரு பிராசஸர்

சிதம்பர ரகசியத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. திரையை விலக்கினால் தங்க வில்வ மாலை. அதற்குப் பின்னால் வெட்டவெளி. வெர்ச்சுவல் மெஷினுக்குள்ளும் இப்படி ஒரு திரை உண்டு!

உள்ளே ஓடும் இயங்குதளம், "உனக்கு என்னென்ன கட்டளைகள் தெரியும்?" என்று சிபியுஐடி மூலம் பிராசஸரைக் கேட்கும். பதில் சொல்வது நிஜ பிராசஸர் அல்ல, நடுவில் நிற்கும் கேவிஎம் போன்ற மென்பொருள். அது காட்டுவதைத்தான் உள்ளே இருப்பது நம்பும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 2022இல் வந்த ரெட் ஹேட் 9, அதன் வழியில் வந்த ராக்கி 9 ஆகியவற்றுக்குக் குறைந்தது எக்ஸ்86-64-வி2 தரம் வேண்டும். 2021இல் வந்த மோங்கோடிபி 5.0க்கு ஏவிஎக்ஸ் வேண்டும். பிராசஸர் மாடல் 'கேவிஎம்64' என்று இருந்தால் இவை இரண்டும் கண்ணில் படாது. ராக்கி பூட் ஆகும்போதே நின்றுவிடும். மோங்கோ 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று படுத்துவிடும்.

உடனே கணினி பழசாகிவிட்டது என்று அப்பாவிடம் புதுசு கேட்க வேண்டாம் நண்பர்களே! வெளியே ஒருமுறை, உள்ளே ஒருமுறை 'எல்எஸ்சிபியு' கட்டளையை ஓட்டி, ஃபிளாக்ஸ் வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியே இருப்பது உள்ளே இல்லையென்றால் மாடலை 'ஹோஸ்ட்' என்று மாற்றினால் போதும். ஆனால் மெஷினை முழுதாக அணைத்துத் தொடங்க வேண்டும், உள்ளிருந்து ரீபூட் செய்தால் மாறாது. வெளியேயும் ஏவிஎக்ஸ் இல்லையா? எந்த மாடலும் அதைத் தராது. மோங்கோவின் பழைய பதிப்புதான் வழி.

அப்படியானால் எப்போதும் 'ஹோஸ்ட்' வைத்துவிடலாமா? கூடாது. கடலூரை 2011 டிசம்பர் 30இல் தானே புயல் தாக்கியது, 2015இல் வெள்ளம் சூழ்ந்தது. அப்படி ஒரு நாளில், கடலூரில் ஓடும் மெஷினை நிறுத்தாமல் சிதம்பரத்துக்கு நகர்த்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே புது பிராசஸர், அங்கே பழசு. புறப்படும்போது இருந்த கட்டளை வந்து சேர்ந்த இடத்தில் இல்லை. ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் பாதியில் செத்துவிடும், சேமிக்காத வேலையும் கூடவே போய்விடும்.

இரண்டு இடத்துக்கும் பொதுவான மாடலை வைப்பதே பாதுகாப்பு. 2023இல் வந்த பிராக்ஸ்மாக்ஸ் 8, புது மெஷின்களுக்கு எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ் மாடலைத் தானாகவே வைப்பதும் இதற்காகத்தான். வேகம் கொஞ்சம் குறையலாம். ஒற்றைக் கணினி என்றால் 'ஹோஸ்ட்', ஊர்விட்டு ஊர் போக வேண்டிய மெஷின் என்றால் பொது மாடல். இதை முடிவு செய்ய வேண்டியது மழைக்காலத்துக்கு முன்னால்!