இரவின் விலை

இங்கிலாந்தின் வைத்தியசாலை ஒன்றில் நள்ளிரவு கடந்தும் ஓர் இளம் வைத்தியர் விழித்திருக்கிறார். மூச்சுத் திணறும் முதியவரைப் பார்த்து முடிக்குமுன் அடுத்த விடுதியிலிருந்து அழைப்பு வருகிறது. வேலை பகலில் செய்ததுதான்; ஆனால் உடல் சோர்ந்துவிட்டது, ஆலோசனை கேட்க மூத்தவரும் அருகில் இல்லை. இந்த ஒரு மணி நேரத்தின் விலை என்ன?

உறங்கவேண்டிய வேளையில் வேலை வாங்குபவர் கூடுதலாகக் கொடுப்பதே உலக வழக்கு. வைத்தியர் விடயத்தில் கணக்குத் தலைகீழாயிருந்தது. 1975 இன் இறுதியில் இளநிலை வைத்தியர்கள் அவசர சிகிச்சை தவிர்ந்த பணிகளை நிறுத்திப் போராடினர். அதன்பின் வந்த ஒப்பந்தம் மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு உண்டென ஏற்றது. எனினும் வைத்தியசாலையில் நின்று செய்த மேலதிகக் கடமைக்கு அடிப்படை வீதத்தின் 30 சதவீதமே கிடைத்தது. ஊதியக் கட்டுப்பாட்டுக் கொள்கையைக் காட்டி, புதிதாகப் பணம் ஒதுக்க அரசு மறுத்திருந்தது.

இதன் விளைவு சம்பளப் பட்டியலோடு நிற்கவில்லை. வழமையான நேரம் முடிந்ததும் வைத்தியர் மலிவானார். மலிவான பொருளை எவரும் சிக்கனமாகச் செலவிடுவதில்லை. இன்னொருவரை நியமிப்பதைவிட இருப்பவரையே விழித்திருக்கச் செய்வது நிருவாகத்துக்கு இலாபமாயிற்று.

1991 இல் வேலை நேரத்துக்கு உச்சவரம்பு உடன்பட்டது. ஆயினும் 2000 டிசம்பரில் வந்த ஒப்பந்தமே வரம்பு மீறலுக்கு உண்மையான விலை வைத்தது. 2002 ஆம் ஆண்டளவில், வரம்பு மீறிய வேலைப் பட்டியலுக்கு அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான மேலதிகத் தொகையை வைத்தியசாலை கொடுக்க நேர்ந்தது. ஐரோப்பியச் சட்டமும் துணைநின்றது. 2009 இல் சராசரி வாரம் 48 மணித்தியாலமாயிற்று.

2015 இல் சனிக்கிழமையையும் இரவு பத்து மணிவரையான நேரத்தையும் சாதாரண வேலை நேரமாக்க அரசு முன்மொழிந்தபோது சினம் மூண்டதன் காரணம் இங்கேயே உள்ளது. வார இறுதியிலும் நோயாளிக்குத் தரமான சிகிச்சை வேண்டுமென்ற அரசின் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் ஆட்களைக் கூட்டாது நேரத்தின் பெயரை மட்டும் மாற்றினால் சிகிச்சை எங்ஙனம் சிறக்கும்? 2016 ஏப்ரலில் அவசர சிகிச்சையிலிருந்தும் இளநிலை வைத்தியர் விலகினர். அவ்வாண்டு யூலையில் வாக்களித்தோருள் 58 சதவீதத்தினர் நிராகரித்த ஒப்பந்தமே பின்னர் நடைமுறைக்கு வந்தது. இரவுக்கு 37 சதவீத மேலதிகம் அதிலிருந்தது.

வைத்தியம் தொண்டு என்பர். தொண்டு செய்பவர் தம் உறக்கத்தை ஈயலாம். அச்சோர்வின் பயனை அனுபவிப்பவரோ நோயாளி. கட்டிலில் கிடக்கும் முதியவர் ஒப்பந்த வாசகங்களை அறியார். தம் நாடியைப் பிடித்திருப்பவர் உறங்கி எழுந்தவரா என்பதே அவருக்கு வேண்டியது.