பொட்டையா, கிடாவா?

எட்டயபுரம் ஆட்டுச் சந்தை சனிக்கிழமை கூடும். அங்கே ஆட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் யாரும் எடுத்த எடுப்பில் விலை கேட்பதில்லை. "பொட்டையா, கிடாவா?" என்பார்கள். பிறகு வாயைப் பிரித்துப் பல் பார்ப்பார்கள். ரெண்டு பல்லா, நாலு பல்லா என்பதில் வயது தெரிந்துவிடும். பொட்டை என்றால் இன்னொரு கேள்வி உண்டு: "செனையா?" ஆம் என்றால் விற்பவரின் குரல் கொஞ்சம் நிமிரும். கறிக்கு வாங்குகிறவர் கிடாவைத் தேடிப் போவார், பட்டி பெருக வேண்டும் என்கிறவர் பொட்டையை விட்டு நகரமாட்டார். அந்தக் கரிசல் சீமைக்கே உரிய வெள்ளாட்டு இனத்துக்குப் பெயரே கன்னி ஆடு.

அதே சந்தைக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில், விலை படியாமல் ஆட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்த ஒருவரை அவருடைய மச்சினன் வைதுகொண்டிருந்தார். "ஏவாரி நாலு சத்தம் போட்டா வாயப் பொத்திக்கிட்டு வந்துருவீரா மச்சான்? பொட்டப்பய மாதிரி!" அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் நடுவில் புகுந்து சமாதானம் செய்யும்படி ஆகிவிட்டது. "கோழை" என்று சொல்லியிருந்தால் அவர் மீதித் தேநீரையும் குடித்துவிட்டுத்தான் பதில் சொல்லியிருப்பார்.

நம்முடைய வசவுகளில் விலங்குகளுக்குப் பஞ்சமில்லை. நாய், பன்றி, எருமை, கழுதை, குரங்கு, தேவாங்கு. ஆனால் இவை பெரும்பாலும் பால் பார்க்காதவை. எருமை என்று வைகிற தாய் மகளையும் வைவாள், மகனையும் வைவாள். அதில் பாதி செல்லம். தலை வாரிவிட்டுக்கொண்டே "அசையாம நில்லு கழுதை" என்று சொல்லாத வீடு உண்டா? ஆண் விலங்கின் பெயரைச் சொல்லித் திட்டுவதும் உண்டுதான். தின்றுவிட்டுச் சும்மா திரிகிறவன் பொலிகாளை. "கடா மாடு மாதிரி வளர்ந்திருக்கியே" என்பார் அப்பா. மகன் தலையைக் குனிந்துகொண்டாலும் உள்ளுக்குள் தோள் ஒரு சுற்றுப் பருத்திருக்கும். பெண் விலங்கைக் குறிக்கும் சொல் வந்தால் மட்டும் ஏன் வேட்டி மடிகிறது?

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். தமிழில் இந்தச் சொல் அதிகம் எறியப்படுவது ஆண்கள் மேல்தான். பெண்ணைத் திட்ட வேறு சொற்கள், இங்கே எழுத முடியாதவை, ஏராளமாக இருக்கின்றன. பெண்ணிடம் வரும்போது இது "பொட்டச்சி" ஆகிவிடும். "ஒரு பொட்டச்சிக்கு இவ்வளவு திமிரா?" என்பதில் அவள் செய்த தவறு என்ன என்று பார்த்தால், பெரும்பாலும் எதிர்த்துப் பேசியதாக இருக்கும். ஆணிடம் பேசாததற்கும் பெண்ணிடம் பேசியதற்கும் ஒரே சொல்லால் அடி விழுகிறது.

இத்தனைக்கும் அது பழைய, கௌரவமான சொல். பேச்சில் 'பெண்' பொண்ணு ஆனது போல, பெட்டி பொட்டி ஆனது போல, பெட்டை பொட்டை ஆயிற்று. பெட்டையைத் தொல்காப்பியத்தின் மரபியலில் பார்க்கலாம். அந்த இயல் எந்த விலங்கின் ஆணுக்கு எந்தப் பெயர், பெண்ணுக்கு எந்தப் பெயர், குட்டிக்கு எந்தப் பெயர் என்று வகுத்துச் சொல்கிறது. ஆண்பாற் பெயர்கள் பதினைந்து, பெண்பாற் பெயர்கள் பதின்மூன்று. பேடை, பெடை, பெட்டை, பெண், மூடு, நாகு, கடமை, அளகு, மந்தி, பாட்டி, பிணை, பிணவு, பிடி. ஒட்டகம், குதிரை, கழுதை, மரை ஆகியவற்றின் பெண்ணுக்குப் பெட்டை உரியது, பறவைக்கும் உண்டு. ஆட்டுக்கு அதில் இடமில்லை. ஆட்டின் பெண் மூடும் கடமையும். இன்று சந்தையில் போய் "இது மூடா?" என்று கேட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் பதின்மூன்று சொற்களும் பிற்காலத்தில் என்ன ஆயின என்று பார்ப்பது ஊரை விட்டுப் போன குடும்பங்களை விசாரிப்பது போலத்தான். பிணையும் பிணவும் புலவர் வீட்டோடு நின்றுவிட்டன. பிடிக்கு நல்ல வாழ்வு. யானைக்கே உரியதாக இருந்து, பெண்ணின் நடைக்கு உவமையாகி, கோயில் சிற்பம் வரைக்கும் போய்விட்டது. மந்தி குரங்குக் கூட்டத்தில் கரைந்துபோனது. எனக்கு மிகவும் பிடித்தது பாட்டியின் கதை. மரபியலின்படி பாட்டி என்பது பன்றிக்கும் நாய்க்கும் நரிக்கும் உரிய பெண்பாற் பெயர். இன்று அதே ஒலியுள்ள சொல்லால் அப்பாவைப் பெற்றவளைக் கூப்பிட்டுக் காலில் விழுகிறோம். ஆங்கிலத்தில் பெண் நாயைக் குறிக்கும் சொல் இன்று சென்னைக் கல்லூரி வாசல்களிலும் பெண்களைத் திட்டப் புழங்குகிறது. நம்மிடம் அதே பொருளுக்கு இருந்த சொல் வீட்டின் மூத்த மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பாட்டியும் ஒரே வேரா, தனித்தனியா என்று மொழிநூலார் பார்த்துக்கொள்ளட்டும். யாருக்கும் கூசவில்லை என்பதுதான் எனக்கு வேண்டியது.

மரபியலில் இன்னொரு வேடிக்கை. பறவைகளின் ஆணுக்கெல்லாம் சேவல் என்ற பெயர் உண்டு, மயிலுக்கு மட்டும் இல்லை. ஆண் மயிலுக்குப் பெண்ணின் சாயல் இருப்பதால் என்று உரையாசிரியரான பேராசிரியர் காரணம் சொல்கிறார். தோகையும் ஆட்டமும் ஆணுடையவை என்பது காட்டோரத்தில் இருக்கும் எவருக்கும் தெரியும். தெரிந்தும், அழகாக இருந்ததால் அதை ஆண் கணக்கில் முழுசாக எழுத மனம் வரவில்லை. குயிலும் அப்படித்தான். மார்கழி தாண்டி மாமரத்தில் உச்சத்துக்கு ஏறிக் கூவுவது கறுப்பு ஆண்குயில். பழுப்பில் புள்ளி போட்ட பெண்குயில் கிக் கிக் என்று கத்திவிட்டுப் பறந்துவிடும். ஆனால் பாடகி குயில், ஆடுகிறவள் மயில். புகழ வேண்டும் என்றால் ஆண் பறவையின் வித்தையைப் பெண்ணுக்குக் கொடுக்கிறோம். இகழ வேண்டும் என்றால் பெண் விலங்கின் பெயரை ஆணுக்குக் கொடுக்கிறோம்.

கடலைத் தாண்டினால் கதை மாறுகிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் பெடியன் என்றால் பையன், பெட்டை என்றால் பெண்பிள்ளை. அவ்வளவுதான். "எங்கட பெட்டை கம்பஸுக்கு எடுபட்டிட்டாள்" என்று ஒரு தாய் சொன்னால் அதில் பெருமையைத் தவிர வேறொன்றும் இல்லை. கம்பஸ் என்றால் பல்கலைக்கழகம். முன்பின் தெரியாதவர் முகத்துக்கு நேரே "ஏ பெட்டை" என்று கூப்பிட்டால் அங்கும் சண்டைதான், அது வேறு விஷயம். வீட்டுச் சொல்லை வெளியாள் எடுத்தால் எந்த ஊரிலும் சண்டைதான். ஒரு முறை சென்னையில் ஒரு வீட்டு விசேஷத்தில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் தன் மகளை "இவள்தான் என்ட மூத்த பெட்டை" என்று அறிமுகம் செய்தார். எதிரில் இருந்த உள்ளூர் மாமி புன்னகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். அந்த அம்மாவோ இயல்பாக அடுத்த பெட்டையையும் அறிமுகம் செய்தார்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மதுரைக்குத் தெற்கே "ரெண்டும் பொட்டப்புள்ளைக" என்பது வெறும் தகவல். சொல்கிற குரலில் ஒரு பெருமூச்சு கலந்திருக்கிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும். பல வீடுகளில் கலந்திருக்கிறது.

கோழிக்கு நாம் செய்திருக்கும் அநியாயம் தனி. வீட்டை விட்டு அசையாதவனை "அடைகோழி மாதிரி கெடக்கான்" என்கிறோம், சோம்பேறி என்ற பொருளில். அடைகோழியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். இருபத்தொரு நாள் அது முட்டை மேல் இருக்கிறது. நாளைக்கு ஒருமுறை எழுந்து, அவசரமாக நாலு கொத்து கொத்தி, தண்ணீர் குடித்து, எச்சமிட்டுத் திரும்பிவிடும். முட்டைகளை அலகால் புரட்டிப் புரட்டிச் சூட்டைச் சமன் செய்யும். உடம்பு இளைத்துக் கொண்டை வெளிறிவிடும். சோம்பேறிக்கு இதைவிடப் பொருந்தாத உவமை கிடைக்காது. இன்னும் முட்டையிடாத இளங்கோழியை வெடக்கோழி என்பார்கள். அந்தச் சொல்லைத் தெருமுனையில் நிற்கும் சிலர் பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளையைப் பார்த்து உபயோகிப்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர்களுக்குக் கோழியும் தெரியாது, பெண்ணும் தெரியாது, சாப்பாடு மட்டும் தெரியும் என்று தோன்றும்.

பொட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா என்கிற பழமொழியை எத்தனை வீட்டுக் கூடங்களில் பெண்களின் வாயை அடைக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள்! பொட்டைக் கோழி கூவத்தான் செய்யும், எப்போதாவது. கோழிக்கு இடப்பக்கத்துச் சினைப்பை ஒன்றுதான் வேலை செய்வது. நோயிலோ முதுமையிலோ அது கெட்டுப்போனால் சுரப்புகள் மாறி, கொண்டை பெருத்து, சேவல் போலக் கூவத் தொடங்குவது உண்டு. கிராமத்தில் அதை வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அன்றைக்கே குழம்பு. சேவல் கூவியும் பொழுது விடிவதில்லை என்பதை அந்தப் பழமொழியைச் சொன்ன யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பேடு என்ற சொல் பெண் பறவைக்கும் உண்டு, ஆணும் பெண்ணுமாய் அமைந்தவருக்கும் உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலில் ஒன்று பேடு. காமன் ஆடியதாகச் சொல்லப்படுவது. கலையாக இருந்த அது பேடி என்ற வடிவில் கோழைக்குப் பெயராகிவிட்டது. வள்ளுவரே அவை அஞ்சாமை அதிகாரத்தில், சபைக்கு அஞ்சுகிறவன் கற்ற நூலைப் பேடி கையில் இருக்கும் வாளோடு ஒப்பிடுகிறார். வள்ளுவரிடம் எனக்குள்ள சில வருத்தங்களில் இதுவும் ஒன்று. இன்றும் பள்ளியில் நடை கொஞ்சம் நளினமான ஒரு பையன் மேல் விழுகிற முதல் கல் "பொட்டை" என்பதுதான். திருநங்கை என்ற சொல் இப்போது நிலைத்துவிட்டது. 2008-இல் அவர்களுக்கென்று நல வாரியமும் தமிழ்நாட்டில் அமைந்தது. 2022-இல் மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டார்கள். அரசிதழைப் பள்ளிக்கூட மைதானத்தில் யாரும் படிப்பதில்லை.

மாட்டுத் தொழுவத்தில் கணக்கு நேர் எதிர். பசு கிடாரிக் கன்று போட்டால் வீட்டில் சிரிப்பு. காளைக் கன்று என்றால் உழவும் வண்டியும் போன பிறகு அதை வைத்து என்ன செய்வது என்ற கவலை. இதற்கென்றே இப்போது பாலினம் பிரித்த விந்து வந்திருக்கிறது. பெண் கன்று தரும் உயிரணுவில் மரபுப்பொருள் சற்றே கூடுதல் என்பதை வைத்து இயந்திரத்தால் பிரித்து எடுக்கிறார்கள். அதை ஊசியாகப் போட்டால் பத்துக்கு ஒன்பது கிடாரிதான். கால்நடை மருந்தகத்தில் விவசாயி அதைக் கேட்டு வாங்குகிறார். அதே ஊரின் ஸ்கேன் நிலையத்துச் சுவரில், கருவின் பாலினம் பார்ப்பது குற்றம் என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லிப் பலகை தொங்குகிறது. அந்தச் சட்டத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே, பெண் சிசுவைக் கொல்லாமல் கொண்டுவந்து விட்டுப் போங்கள் என்று தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது.

பால் சொசைட்டியில் கேனை வைத்துக்கொண்டு நிற்கும்போது இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

"மாடு ஈன்றிருச்சாமே, என்ன கன்னு?"

"காளைதான்க்கா."

"சரி விடு. தாயும் கன்னும் நல்லாருக்குல்ல? அடுத்த ஈத்துக்குக் கிடாரியாப் போடும்."

பிரசவ வார்டில் பெண் குழந்தை பெற்றவளின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிற அத்தைகளும் இதைத்தான் சொல்கிறார்கள். கன்றின் பாலை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள்.