மருமகன் வாங்கிய டயர்கள்

குடும்பப் பத்திரிகையில் டயரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவரும் பொறுப்பு ஒரு தகப்பனுக்கு வந்துவிட்டால், அவள் ஏறிவரும் வண்டியின் டயரும் குடும்ப விஷயமாகிவிடுகிறது. எனவே சற்றே பொறுமையுடன் கேளுங்கள்.

நாங்கள் முகப்பேர் கிழக்கில் குடியிருப்பவர்கள். மகளை நீலகிரியில், நடுவட்டத்தில் மணமுடித்துக் கொடுத்திருக்கிறோம். கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறும் சாலையில் இருக்கும் மழையூர் அது. மருமகன் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதுகிறார். பெருஞ்சாலையிலிருந்து அவர்கள் வீட்டுக்குச் செல்ல 3 கிலோமீட்டர் தோட்டப் பாதை, முழுவதும் செம்மண். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் செப்டம்பர் வரை அந்தப் பாதையில் கணுக்கால் புதையும். அதற்காகவே அவர் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, கடைக்காரர்கள் ‘மட் டயர்’ என்று சொல்லும் சேற்று டயர்கள் நான்கினை மாட்டியிருந்தார். பெரிய பெரிய பட்டன்கள், இடையிடையே விரல் நுழையும் பள்ளங்கள். பார்வைக்கு யானைக்கால் போலத்தான் இருக்கும்!

2024 நவம்பரில் உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்காக இருவரும் அந்த ஜீப்பிலேயே முகப்பேர் வந்தார்கள். மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். நீலகிரி வாசிகள் குளிர்காலம் என்று சொல்லும்போது நமக்கு நடப்பது மழைக்காலம் அல்லவா? அன்றும் காலையிலிருந்து மழை. முகப்பேர் ஏரித் திட்டம் என்று பெயரிலேயே ஏரியைச் சுமந்திருக்கும் பகுதியில் தண்ணீர் தேங்குவதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தார்ச்சாலையின் மேல் விரற்கடை அளவு நீர். முன்னால் சென்ற பள்ளி ஆட்டோ நின்றது. மருமகன் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை, சறுக்கிக்கொண்டே போய், ஆட்டோவின் பின்புறத்துக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது. ஆட்டோவுக்குள் சின்னஞ்சிறு பிள்ளைகள். பின்னிருக்கையில் அமர்ந்திருந்த என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அல்லாஹ் காப்பாற்றினான்.

வீட்டுக்கு வந்ததும் மருமகன் முகம் வெளுத்துக் கேட்டார்: “மாமா, இவ்வளவு பெரிய பட்டன் இருந்தும் ஏன் வழுக்கியது?”

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்குச் சிறிது தகுதி உண்டு. பாடியில் ஒரு ரீட்ரெடிங் பட்டறையில் 11 ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். தேய்ந்த டயருக்கு மேல்ரப்பர் ஒட்டும் தொழில் அது. (திருவொற்றியூரில் 1946-இல் விளையாட்டுப் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952-இல் இந்த மேல்ரப்பரைச் செய்யத் தொடங்கித்தான் பின்னர் டயருக்கு வந்தது.) நோட்டுப் புத்தகத்தைவிட டயரைத்தான் அங்கே அதிகம் பார்த்தேன்.

சேற்றில் டயர் வேலை செய்யும் விதம் வேறு. ஈரத் தார்ச்சாலையில் வேலை செய்யும் விதம் வேறு. சேற்றில் பட்டன்கள் மண்வெட்டி போல மண்ணைக் கவ்வ வேண்டும். இடையிலுள்ள அகன்ற பள்ளங்கள், சக்கரம் சுழலும்போது அப்பிய சேற்றை உதறி எறிய வேண்டும். பள்ளம் குறுகலானால் சேறு அடைத்துக்கொண்டு டயர் மொட்டையாகிவிடும். ஆனால் தார்ச்சாலையில் பிடிப்பைத் தருவது தரையைத் தொடும் ரப்பர் மட்டுமே. பள்ளம் தரையைத் தொடுவதில்லை. ஆகவே மட் டயர் தார்ச்சாலையில் கொஞ்ச ரப்பரைக் கொண்டே நிற்கப் பார்க்கிறது. மேலும், மழைக்கும் குளிருக்கும் ஏற்ற டயர்களில் பட்டனின் மேல் பிளேடால் கீறியது போல மெல்லிய கீற்றுகள் இருக்கும். மெல்லிய நீர்ப்படலத்தைக் கிழித்து ரப்பரைத் தரையில் அமர்த்துபவை அவைதாம். மருமகனின் டயரில் அத்தகைய கீற்று ஒன்றுகூட இல்லை.

இதற்கு மேல் இன்னொரு கவலை எனக்கு இருந்தது. ஏழாம் மாதத்தில் மகளை அழைத்துவர வேண்டும். அது ஜனவரி, முன்பனிக் காலம். நடுவட்டத்திலிருந்து பைக்காரா, தலைகுந்தா வழியாக உதகை ஏறித்தான் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். உதகை 2,240 மீட்டர் உயரம். தலைகுந்தா பக்கம் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுந்து புல்வெளி உப்பளம் போல வெளுத்திருக்கும். சாதாரண டயரின் ரப்பர், வெப்பம் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் விறைத்துப் பிடிப்பை இழக்கும் என்பது டயர்த் தொழிலில் வழங்கும் கணக்கு. ஒரே வண்டி சேற்றில் ஏற வேண்டும், உறைபனியில் சறுக்காமல் வர வேண்டும், மழைபெய்த முகப்பேரில் நிற்கவும் வேண்டும். எந்த டயரை வாங்குவது?

மறுநாள் இருவரும் கடைக்குப் போனோம். விற்பனைக்கு நின்ற இளைஞர், டயரின் பக்கவாட்டில் ‘எம்+எஸ்’ என்றிருந்த எழுத்தைக் காட்டி, “சேறு, பனி இரண்டுக்கும் இதுதான் சார்!” என்றார். அந்த எழுத்து பட்டனின் அமைப்பைக் குறிப்பதே அன்றி, பனியில் ஓட்டிச் சோதித்ததற்கு அத்தாட்சி அன்று. மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துளி நட்சத்திரமும் பொறித்திருந்தால்தான் இறுகிய பனியில் பிடிப்பைச் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். முழுக் குளிர்கால டயராகவே வாங்கிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அதன் ரப்பர் மென்மையானது; நம் சென்னை வெயிலில் விரைவாகத் தேய்ந்துவிடும்.

கடையிலேயே நின்று கணக்குப் போட்டோம். பயணத்தில் சேறு வெறும் 3 கிலோமீட்டர். தார்ச்சாலை 500 கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் அந்த 3 கிலோமீட்டரைக் கடக்காமல் வீடு இல்லையே! கடைசியில் ‘ஆல் டெரெய்ன்’ எனப்படும் நடுத்தர வகையில், கீற்றுகள் நிறைந்ததும் மலை முத்திரை உள்ளதுமான ஒன்றை மருமகன் எடுத்தார். அளவும் சுமை எண்ணும் வண்டிக்கு உரியவையாகவே இருக்க வேண்டும் என்றேன். நான்கும் ஒரே வகை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கலப்பது ஆபத்து. பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியையும் பார்த்தோம். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. புதிது என்று சொல்லிப் பல ஆண்டு கிடங்கில் கிடந்ததை விற்பவர்களும் உண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்களே படித்துப் பாருங்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்பது விதி. மழைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

ஜனவரியில் நானும் என் மனைவியும் நடுவட்டம் போனோம். பஜ்ருத் தொழுகை முடிந்த கையோடு பயணம் புறப்படுவது நம் குடும்பங்களில் வழிவழியாக வந்த பழக்கம். சம்பந்தியம்மாவும் அதையே சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. உறைபனி படிந்த வளைவில் எந்த டயரையும் நம்ப முடியாது. மலை முத்திரை இருந்தாலும் அப்படித்தான். வெயில் ஏறட்டும் என்றேன். சம்பந்தியம்மாவுக்குச் சிறிது மனத்தாங்கல்தான். காத்திருந்த நேரத்தில் காற்றை அளந்தோம். வண்டி ஓடிச் சூடேறுமுன், குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும். வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினால் ஏறத்தாழ 1 பவுண்டு காற்றழுத்தம் குறையும். ஒரு சக்கரத்தில் 4 பவுண்டு குறைந்திருந்தது. யாரும் கவனித்திருக்கவில்லை.

9 மணிக்குப் புறப்பட்டோம். தலைகுந்தாவில் திறந்தவெளியில் பனி உருகியிருந்தது. மரநிழல் விழுந்த வளைவுகளில் மட்டும் வெண்மை மிச்சமிருந்தது. மருமகன் இரண்டாம் கியரிலேயே, பிரேக்கைத் தொடாமல் கடந்தார். இரவு சேலத்தில் தங்கி, மறுநாள் மஃரிபுக்கு முன் முகப்பேர் வந்து சேர்ந்தோம். மார்ச்சில் பேத்தி பிறந்தாள்.

இதோடு நிறுத்திவிட்டால் நான் ஏதோ பெரிய தீர்ப்புச் சொன்னவன் போல ஆகிவிடும். 2025 ஜூலையில் மருமகன் தொலைபேசியில் அழைத்தார். தோட்டப் பாதை ஏற்றத்தில் ஜீப் சேற்றில் புதைந்து, டிராக்டரை வைத்து இழுத்தார்களாம். “மட் டயராக இருந்தால் ஏறியிருக்கும் மாமா” என்றார். உண்மைதான், மறுக்கவில்லை. நல்ல வேளையாக அவர் பழைய டயர்களை விற்காமல் கொட்டகையில் வைத்திருக்கிறார். அடுத்த ஜூனில் அவற்றை மாட்டிவிட்டு, மழை ஓய்ந்ததும் கழற்றிவிடுவதாக ஏற்பாடு. மட் டயர் மாட்டியிருக்கும் மாதங்களில் முகப்பேருக்குப் பேருந்தில் வருவதாகவும் சொல்லியிருக்கிறார்.