பெட்டிகளைக் கொடுத்துவிடாதே

கும்மிடிப்பூண்டி
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையை மாற்றினார்களே, ஒத்துக்கொள்கிறதா? சின்னவனுக்குச் சளி விட்டதா?

போனில் பேசினால் அம்மா காதில் விழும். நீயும் "ஒன்றுமில்லைக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். அப்பாவின் ஆம்ப்ளிபையரையும் ரிக்கார்டு பிளேயரையும் எக்ஸ்சேஞ்சில் போட்டு சவுண்ட்பார் வாங்கியதிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் மனைவி சொன்னாள். பெங்களூரில் யாரோ விற்கிற பழைய செட் ஒன்றை 35,000 ரூபாய் கொடுத்து வாங்கப் பார்க்கிறாயாம். மிச்சமிருக்கிற ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டையும் பார்த்தால் மனசு கேட்கவில்லை, யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்கிறாயாம். இரண்டும் வேண்டாம். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ காசுக்கு ஆசைப்பட்டு அதைக் கொடுக்கவில்லை. ஆன் செய்தாலே உறுமிக்கொண்டிருந்த சாமான் அது. கரண்ட் ஏறி இறங்கும் நேரத்தில் வெடித்துவிடுமோ என்று அம்மா பயந்தாள். எடுத்துப் போகச் சொன்னவளே அவள்தான், என்னிடமும் சொல்லியிருக்கிறாள். புது சவுண்ட்பார் வந்த பிறகு சீரியலில் யார் என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழுகிறது என்று சந்தோஷப்பட்டாள். எழுபது வயதில் அது பெரிய விஷயம். அதன் மேல் நீ கோபப்படாதே.

அந்த உறுமல் எதனால் என்று சொல்கிறேன். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டயோடுகளைத் தாண்டி வரும்போது அது வினாடிக்கு 100 தரம் ஏறி இறங்கும். அந்த மேடுபள்ளத்தை நிரவுவதற்குத்தான் உள்ளே டப்பா மாதிரி பெரிய கெபாசிட்டர்கள். அவற்றுக்குள் இருக்கும் ஈரம் வருஷக்கணக்கில், அதுவும் நம் ஊர் வெக்கையில், காய்ந்துபோகும். காய்ந்ததும் அந்த 100 ஹெர்ட்ஸ் நேராக ஸ்பீக்கரில் வந்து நிற்கும். கம்பெனியில் பேனல் போர்டுகளில் நான் அடிக்கடி பார்க்கிற கோளாறு இது. சில நூறு ரூபாயில் தீரும். இதைக் கேட்டால் உனக்கு இன்னும் வலிக்கும், தெரியும். ஆனாலும் மறைக்க மனமில்லை. உள்ளே இருந்தது என்னவென்று தெரிந்தால்தான் நான் அடுத்துச் சொல்லப்போவதை நம்புவாய்.

அப்பா அந்த ஆம்ப்ளிபையரைக் கடையில் வாங்கவில்லை. கட்டினார். நீ பிறக்கவில்லை அப்போது. மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்திய வருஷம், 1984. எனக்கு ஏழு வயது. ஆவடி ஃபேக்டரியில் சம்பளம் வந்த சனிக்கிழமைகளில் ரிச்சி தெருவுக்கும் நரசிங்கபுரம் தெருவுக்கும் போய், ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான் சேர்த்தார். ஒரு மாதம் டிரான்ஸ்பார்மர், ஒரு மாதம் ஹீட்சிங்க். 2என்3055 என்ற பவர் டிரான்சிஸ்டர்களைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. சால்டரிங் வைக்கும்போது ஈயக்கம்பியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. நான் டிப்ளமோவில் எலக்ட்ரானிக்ஸ் எடுத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முதலில் ஓடியது 'பிரியா' ரிக்கார்டு. 1978இல் வந்த படம். தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் சினிமாப் பாட்டு இதுதான் என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். என்னை இரண்டு பாக்ஸுக்கும் நடுவில் உட்காரவைத்து, எது எந்தப் பக்கம் கேட்கிறது, கை காட்டு என்பார்.

வீட்டில் இருக்கிற அப்பாவின் ரிக்கார்டுகளை எடுத்து அட்டையைப் பார். பாதிக்கு மேல் மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கியவை. மூலையில் பேனாவால் வேறு யார் யார் பெயரோ எழுதியிருக்கும். சிலதில் கல்யாணப் பரிசு என்றும் தேதியும் இருக்கும். வாடகை வீடு மாறும்போதோ பணமுடையிலோ அவர்கள் விற்றிருப்பார்கள். உன்னைப் போலவே பிறகு தவித்திருப்பார்கள். அவர்கள் விட்டதைத்தான் நாம் நாற்பது வருஷமாகக் கேட்டோம். ரிக்கார்டு பிளேயர் நன்றாக ஓடுகிற நிலையில் போனது. அதை யாரும் உடைத்திருக்க மாட்டார்கள். எங்கோ ஒரு வீட்டில் சுற்றும் என்றுதான் நினைக்கிறேன். மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது நிற்கிற ஸ்டேஷனில்தான் நான் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறுகிறேன். உன் திருவள்ளூர் வண்டியும் அங்கிருந்துதான் புறப்படுகிறது. அங்கே நிற்கும்போதெல்லாம் அப்பா நினைப்பு வரும்.

ஆம்ப்ளிபையரைத் தேடி அலையாதே. கையால் கட்டிய, கம்பெனிப் பெயர் இல்லாத செட்டை எக்ஸ்சேஞ்சில் வாங்குகிறவர்கள் பிரித்துவிடுவார்கள். செம்புக்குத் தனி விலை, அலுமினியத்துக்குத் தனி விலை, மீதி காயலான் கடைக்கு. இங்கே சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி இழுக்கிற மில்கள் பல. லோடு லாரிகள் இரவும் பகலும் போகின்றன. அதில் ஒன்றில் அதுவும் போயிருக்கும்.

பெங்களூர் செட் ஏன் அந்த விலை என்கிறாயா? உலகம் முழுக்க இசைத்தட்டு திரும்பிவிட்டது. அமெரிக்காவில் 2022இல் எண்ணிக்கையில் சி.டி.யைவிட இசைத்தட்டு அதிகமாக விற்றது, 1987க்குப் பிறகு முதல் தடவையாக. டெக்னிக்ஸ் கம்பெனி 1972இல் கொண்டுவந்த எஸ்.எல். 1200 என்ற டர்ன்டேபிளை, இனி விற்காது என்று 2010இல் நிறுத்தியது. ஆறே வருஷத்தில் மறுபடி கொண்டுவந்தபோது விலை சில மடங்கு ஏறியிருந்தது. அவ்வளவு பெரிய கம்பெனியே விட்டதைத் திரும்பப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த அலையில் நம் ஊர்ப் பழைய செட்டுகளுக்கும் விலை ஏறிவிட்டது. 35,000 கொடுத்தாலும் உனக்குக் கிடைப்பது இன்னொரு வீட்டின் செட்தான். அதன் கெபாசிட்டரும் காய்ந்துதான் இருக்கும்.

நான் கட்டித் தருகிறேன். 2என்3055 இன்றும் தயாராகிறது, ரிச்சி தெருவில் கிடைக்கிறது. போலி நிறைய, ஆனால் சோதித்து வாங்க எனக்குத் தெரியும். டிரான்ஸ்பார்மரை இங்கேயே சுற்றிக்கொடுக்க ஆள் இருக்கிறார். அப்பா கைபட்ட சால்டரிங் திரும்பாது. அதற்கு ஈடு சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. ஆனால் ஒரு செட்டின் குரலில் பெரும்பங்கு ஸ்பீக்கரும் பெட்டியும் அது இருக்கிற அறையும்தான். அந்தப் பெட்டிகளை அப்பா அறுத்து ஒட்டினார், நம் கூடத்தில் வைத்தே காது கொடுத்துச் சரிசெய்தார். அவை போய்விட்டால் நான் என்ன கட்டினாலும் அப்பா செட் ஆகாது. அதற்காகத்தான் இவ்வளவு கெஞ்சுகிறேன்.

பிளேயர் விஷயத்திலும் அவசரப்படாதே. சூட்கேஸ் மாதிரி மலிவாக வருகிறதே, அதை வாங்காதே. அதன் முள் கனமாக அழுத்தி ரிக்கார்டின் வரியைத் தேய்த்துவிடும். கொஞ்சம் பொறுத்து நல்லதாக ஒன்று பார்க்கலாம், பாதிப் பணம் நான் போடுகிறேன். அதுவரை ரிக்கார்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதே, நெளிந்துவிடும். நிறுத்தி வை.

இப்போது நீ செய்ய வேண்டியது. பாக்ஸின் முன்துணியைக் கழற்றி, வூஃபரின் காகிதக் கூம்பை இரண்டு பக்கமும் விரலால் சமமாக மெல்ல அழுத்திப் பார். உரசுகிற சத்தம் வரக்கூடாது. ஓரத்தில் அப்பா காலத்துத் துணி விளிம்புதான் என்று ஞாபகம். ஃபோமாக இருந்தால் இதற்குள் உதிர்ந்திருக்கும். பிறகு மல்டிமீட்டரை இரண்டு ஒயரிலும் வை. 8 ஓம் ஸ்பீக்கர் 6 சொச்சம்தான் காட்டும், பயந்துவிடாதே. இரண்டு பெட்டிக்கும் என்ன காட்டுகிறது என்று எனக்கு எழுது. பெட்டியின் நீள அகல உயரமும் எழுது. அடுத்த லீவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெரியபாளையம் வழியாக வா, கோயிலையும் பார்த்த மாதிரி ஆகும்.

உன் அக்கா