ஊட்டி மண்ணு ஓடி வருது!

ஊட்டின்னா உங்க லிஸ்ட்ல என்னெல்லாம் இருக்கும்? பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா, ரெண்டு பாக்கெட் வர்க்கி, ஸ்வெட்டர் போட்டு ஒரு குரூப் போட்டோ. தப்பே இல்லை. ஆனா இந்தத் தடவை நாங்க நாலு பேர் போனது வேற ரூட். ஜியாலஜி ஒண்ணு, சிவில் ரெண்டு, கூட்டத்துக்குப் பாட்டுப் பாட தமிழ் இலக்கியம் ஒண்ணு (அடியேன்தான்). மலை மேலே மழையில் கரையற மண்ணு ஓடை ஓடையா இறங்கி எங்கே போய்ச் சேருதுன்னு பின்னாடியே போய்ப் பார்க்கணும். இதுதான் பிளான். கையில் நாலு காலி ஹார்லிக்ஸ் பாட்டில். கண்ணாடி பாட்டில்தான், நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலோட மாட்டினா ஃபைன் கட்டணும்!

பின்தொடர ரொம்ப தூரம்கூடப் போக வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கின இடமே முதல் ஸ்டாப். 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடைகளை மறிச்சு உண்டாக்கின ஊட்டி ஏரி, அப்போ இதைவிட ரொம்பப் பெரிசு. இன்னிக்கு பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் இருக்கிற இடமெல்லாம் ஒரு காலத்தில் ஏரிதான். சுத்தியிருக்கிற சரிவுகளிலிருந்து மண் வந்து சேரச் சேர, தண்ணி பின்வாங்கிடுச்சு. ஊர் அந்த இடத்தை நிரப்பிக்கிச்சு. நாம டீ குடிக்கிற இடத்துக்குக் கீழே பழைய ஏரி தூங்குதுன்னு நினைச்சா ஒரு மாதிரி இருக்கு, இல்ல?

அங்கேயிருந்து இத்தலார் வழியா எமரால்டு பஸ். ஜூலை கடைசி, சாரல் விட்டு விட்டு அடிக்குது. வழியெல்லாம் சரிவுக்குச் சரிவு கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட். பச்சை, சிவப்பு, பச்சைன்னு பட்டை பட்டையா, யாரோ ஜமுக்காளம் விரிச்ச மாதிரி. ஒரு ஹட்டிக்குப் பக்கத்தில் இறங்கினோம். ஹட்டின்னா படுகர் கிராமம். ஊருக்கு மேலே ஒரு சின்ன சோலை. அதிலிருந்து வர்ற ஓடை தோட்டங்களுக்கு நடுவே இறங்குது. தாண்டிக் குதிச்சா அக்கரை, அவ்வளவுதான் அகலம்.

சோலையை விட்டு ஓடை வெளியே வர்ற இடத்தில் ஒரு பாட்டில் பிடிச்சோம். அப்புறம் தோட்டங்களைத் தாண்டி, ரோட்டுப் பாலத்துக்கு அடியில் இன்னொண்ணு. நடுவில் முக்கால் கிலோமீட்டர் இருந்தா அதிகம். மேல் பாட்டில் லேசான டீ கலர், ஆனா அந்தப் பக்கம் நிக்கிறவன் மூக்கு தெரியுது. கலர் வந்தது மக்கின இலையால. கீழ் பாட்டில்? கேண்டீன் காபி! சாயங்காலம் லாட்ஜில் ஜன்னல் ஓரம் வெச்சுட்டு எழுந்து பார்த்தா, மேல் பாட்டிலில் அடியில் நாலைஞ்சு துரும்பு. கீழ் பாட்டிலில் ஒரு விரல்கடை சேறு. அதுக்கு மேலேயும் தண்ணி தெளியவே இல்லை. களிமண் துகள் அவ்வளவு பொடி; ராத்திரி முழுக்க மிதந்துக்கிட்டே இருந்துச்சு. இது கீழே அணைக்குப் போறப்ப முக்கியமா வரும், ஞாபகம் வெச்சுக்கங்க.

கேரட் பிடுங்கிட்டிருந்த அண்ணாகிட்ட பேச்சுக் கொடுத்தோம். அவர் வயலில் பாத்தியெல்லாம் மேலேயிருந்து கீழே நேரா ஓடுது. சிவில் பையன் சும்மா இருப்பானா? "ஏண்ணா, குறுக்கால போட்டா மண்ணு நிக்குமில்ல?"ன்னு கேட்டான்.

அவர் சிரிச்சார். "நிக்கும் தம்பி. தண்ணியும் சேர்ந்து நிக்கும். தண்ணி நின்னா கிழங்கு அழுகிடும். அழுகினா மண்டிக்காரன் எடுப்பானா?"

"அப்ப படிக்கட்டு மாதிரி வெட்டிடலாமே?"

"சொந்த நிலம்னா வெட்டலாம். இது குத்தகை. ரெண்டு வருஷம் கழிச்சு யார் கையில இருக்குமோ, அதுக்கு நான் செலவு பண்றதா?"

அதுக்கு மேல பையன் வாயைத் திறக்கலை. 'விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை'ன்னு நம்ம செமினாரில் ஈஸியா ஸ்லைடு போடறோமே, அது எவ்வளவு அரைவேக்காடுன்னு அங்கே நின்னப்பதான் உறைச்சது. அவருக்குத் தெரியாதது ஒண்ணுமில்லை. கணக்குதான் அவருக்கு எதிரா இருக்கு.

அந்தக் கணக்கையும் பார்த்துடலாம். ஊட்டியில் மண், நீர்ப் பாதுகாப்புக்கான மத்திய ஆராய்ச்சி மையம் 1954-லிருந்து இருக்கு. அங்கே பல வருஷம் முன்னாடியே அளந்து பார்த்திருக்காங்க. நூறு மீட்டர் போனா 25 மீட்டர் ஏற்ற சரிவில், உருளைக்கிழங்கை மேலிருந்து கீழாகப் போட்டா ஒரு ஹெக்டேரில் வருஷத்துக்கு ஏறத்தாழ 39 டன் மண் போகுது. சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் போட்டா 15 டன். படிக்கட்டு மாதிரி தளம் வெட்டினா சுமார் ஒரு டன்தான். 39 டன்னா நாலு டிப்பர் லாரி லோடு! ஆனா வயல் முழுக்கப் பரப்பிப் பார்த்தா மூணு மில்லிமீட்டர் கனம், ரெண்டு நாணயத்தை அடுக்கின மாதிரி. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதுதான் வில்லங்கமே. அந்த அண்ணா சொன்ன அழுகல் பிரச்சினைக்கும் வழி இருக்கு: தளத்தை மலைப் பக்கமா லேசா உள்சாய்வா வெட்டி, ஓரத்தில் புல் வளர்த்த வடிகால் விட்டா மண்ணு தங்கும், தண்ணி மட்டும் வெளியேறும். அந்தச் செலவை யார் கொடுக்கிறதுங்கிறதுதான் கேள்வி.

அடுத்த நாள் அவலாஞ்சி. பேரே நிலச்சரிவு! 1800-களின் தொடக்கத்தில் நடந்த பெரிய சரிவால் வெள்ளைக்காரன் வெச்ச பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு. இங்கே ஓடை வேற மாதிரி நடக்குது. பாறை, குட்டை, பாறை, குட்டைன்னு படி இறங்குது. ஒரு இடத்தில் மரம் ஒண்ணு குறுக்கே விழுந்து கிடக்கு. அதுக்குப் பின்னாடி ஒரு லாரி மணலாவது தேங்கியிருக்கும். யாரும் டெண்டர் விடாத தடுப்பணை! ஜியாலஜி தோழி அங்கேதான் கிளாஸ் எடுத்தா. மலை ஓடையில் மண்ணு ஒரே மூச்சில் கீழே போறதில்லை. கொஞ்சம் உருளும், கல் இடுக்கில் உட்காரும், மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் காத்திருக்கும். அடுத்த பெருவெள்ளம் வந்து கூப்பிட்டாதான் எழுந்திருக்கும். வருஷம் பூரா ஓடை சலசலன்னு ஓடினாலும், மண்ணைச் சுமக்கிற வேலையில் பெரும்பங்கு ஒரு சில மழை நாளிலேயே முடிஞ்சுடும். நம்ம ஆளுங்க செமஸ்டருக்குப் படிக்கிற மாதிரி.

ஏன் அப்படி? ஆற்றியலில் ஒரு பழைய விதி உண்டு. தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா, அது உருட்டக்கூடிய கல்லோட எடை 64 மடங்காகும். கூழாங்கல்லைத் தள்ளிட்டிருந்த ஓடை அம்மிக்கல்லைத் தள்ள ஆரம்பிச்சுடும். 2019 ஆகஸ்டில் இதே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டினது ஞாபகமிருக்கா? கோவைக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கிற மழையே அவ்வளவு இருக்காது. அன்னிக்குக் கிழிஞ்ச சரிவுகளின் தழும்பு சில இடத்தில் இன்னும் வெறும் செம்மண்ணாத் தெரியுது. 2009 நவம்பர் மழையில் குன்னூர், ஊட்டிப் பக்கம் மண் சரிஞ்சு 40 பேருக்கு மேல் போனாங்க. அப்படிப்பட்ட மழையில் புல்லும் சோலையும் இருக்கிற சரிவுகூடச் சரியலாம். வெட்டி நிறுத்தின சரிவுக்குச் சாக்கே வேண்டாம்.

'அப்ப மரமா நட்டுத் தள்ளிடலாம்'னு தோணுதா? அதுவும் அவ்வளவு சிம்பிள் இல்லை. க்ளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு சின்ன ஓடைப் படுகைகளை எடுத்து, ஒண்ணைப் புல்வெளியாவே விட்டு, இன்னொண்ணில் 1972-ல் தைல மரம் நட்டு அளந்தாங்க. முதல் பத்து வருஷத்தில் மரம் நட்ட ஓடையில் தண்ணி 16 சதவீதம் குறைஞ்சு போச்சு. புல்லுக்கு மண்ணைப் பிடிக்கவும் தெரியும், தண்ணியை விட்டுக்கொடுக்கவும் தெரியும்.

மஞ்சூரிலிருந்து கெத்தை இறக்கம்... சும்மா சொல்லக்கூடாது, நாற்பதுக்கும் மேல கொண்டை ஊசி வளைவு, வயிறு ஒரு வழியாயிடுச்சு. ஆனா மேப்பை மடியில் விரிச்சு வெச்சா இந்த ரூட்டோட அர்த்தம் புரியும். அவலாஞ்சி, எமரால்டு தண்ணி குந்தா மின்நிலையம் வழியா குந்தா அணை, அங்கேயிருந்து கெத்தை, பரளி, கடைசியா பில்லூர். ஒரே தண்ணி மறுபடி மறுபடி கரண்ட் கொடுத்துக்கிட்டே இறங்குது. ஒவ்வொரு அணையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்தான். தண்ணி நின்னதும் மணல் வாசலிலேயே உட்காரும், வண்டல் கொஞ்சம் உள்ளே போய் உட்காரும். ராத்திரி பூரா மிதந்ததே அந்தப் பொடிக் களிமண், அது அடுத்த அணைக்கு டிக்கெட் எடுக்கும். குந்தா, கெத்தை அணைகளில் சேறு பல வருஷத் தலைவலி. பில்லூருக்கும் அதே கதைதான்.

பில்லூர் யாரு? நம்ம ஆளு! கோயமுத்தூர்க்காரங்க பெருமைக்குச் சிறுவாணி பேரைச் சொல்வோம். ஆனா ஊரில் பாதிக் குழாயில் வர்றது பில்லூர் தண்ணி. மழைக்காலத்தில் பேப்பரில் பார்த்திருப்பீங்க: 'பில்லூர் அணை மொத்த உயரம் 100 அடி, 97 அடியைத் தொட்டது, உபரி நீர் திறப்பு, மேட்டுப்பாளையம் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை.' அந்த 97 அடியில் ஒரு சூட்சுமம் இருக்கு. அளவுகோல் தண்ணியோட மேல்மட்டத்தைத்தான் சொல்லும். அடியில் எவ்வளவு சேறு இருக்குன்னு சொல்லாது. சேறு ஏற ஏற அணை சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் திறந்துவிடணும், அதே வேகத்தில் ஏப்ரலில் சீக்கிரம் காலியாகும். வெள்ள எச்சரிக்கையும் தண்ணி லாரியும் ஒரே வருஷத்தில் வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். தூர் வாரினா சரியாகாதான்னு கேட்கலாம். வாரலாம். வாரின சேத்தை அந்தக் காட்டு மலையில் எங்கே கொட்டறது? சரிவில் கொட்டினா அடுத்த மழையில் அது திரும்பி வந்துடும்.

குத்தகை அண்ணாவுக்குத் தளம் வெட்ட ஆகிற செலவில் ஒரு பங்கை கீழே குழாய் திறக்கிற ஊர் கொடுத்தா என்னன்னு பஸ்ஸில் எங்களுக்குள்ளே பெரிய சண்டை. "நம்ம வாட்டர் பில்லில் மாசம் அஞ்சு ரூபா கூட்டினா வீட்டில் ஒத்துக்குவாங்களா?"ன்னு தோழி கேட்டா. காரமடை வர்ற வரைக்கும் தீரலை. உங்க கேண்டீனிலும் கிளப்பிவிட்டுப் பாருங்க.

போறவங்களுக்கு: ஜூன் - செப்டம்பரில்தான் ஓடை வேலை செய்யறதைப் பார்க்க முடியும், ஆனா கனமழை எச்சரிக்கை இருந்தா கிளம்பாதீங்க, ஓடைக்குள்ளே இறங்கவே இறங்காதீங்க. அவலாஞ்சி வனத்துறை கையில், அனுமதி கேட்டுக்கங்க. இ-பாஸ் விதி என்னன்னு முதல் நாளே செக் பண்ணுங்க. பாட்டிலுக்கு மறக்காம மூடி எடுத்துட்டுப் போங்க. எங்களோட நாலாவது பாட்டில் கெத்தை இறக்கத்தில் தமிழ் இலக்கியத்தின் பேன்ட்டில் கொட்டிடுச்சு. மூணு தடவை துவைச்சாச்சு, கறை போகலை.