ராக்கியாஸ் என்ற ஒரு ராயன்

பஸ்ஸில் ஏறினால் 'கனகராயன்குளத்தில இறக்கம்' என்போம். 'குளம்' எப்படிக் 'குளத்தில' ஆனது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. வெளிநாட்டுப் பெயரையும் விடமாட்டோம்: லண்டனுக்கு, சுவிஸில, கனடாவால. வேற்றுமை உருபு ஒட்டிவிட்டால் அந்தப் பெயர் எங்கட வீட்டு ஆள்.

இலத்தீனும் இதையேதான் செய்தது. கி.பி. 77 அளவில் பிளினி எழுதிய 'இயற்கை வரலாறு' நூலின் ஆறாம் புத்தகத்தில் முசிறி 'முசிரிஸ்', மதுரை 'மொதுரா', பாண்டியன் 'பாண்டியோன்'. இந்தப் பாண்டியோன்தான் பகிடி. ஏதென்ஸ் புராணக் கதையில் ஏற்கெனவே அதே பெயரில் ஒரு அரசன் இருந்தான். ஆகவே எங்கட பாண்டியனுக்கு வால் தயாராகவே கிடந்தது. 'பாண்டியனுடைய' என்பதற்குப் 'பாண்டியோனிஸ்'. கிரேக்க மாலுமிகளின் வாய்வழியாகப் போன பெயர்கள் என்பதால் கிரேக்க வாசனை கூடவே போனது.

அதே புத்தகத்தில் எங்கட தீவும் வருகிறது, 'தப்ரொபானே' என்று. கிளாடியஸ் பேரரசர் காலத்தில் (கி.பி. 41–54) இங்கிருந்து ரோமுக்கு நான்கு தூதுவர்கள் போனார்களாம். தலைவர் பெயர் 'ராக்கியாஸ்'. கடைசியில் உள்ள 'ஆஸ்' கிரேக்க ஆண்பால் விகுதி. அதைக் கழற்றினால் மிஞ்சுவது 'ராஜா' என்ற பட்டம்தான் என்று சிலர் வாசிக்கிறார்கள். எங்கட ஊர்ப் பெயரில் இருக்கிற 'ராயன்' அந்த ராஜாவின் மற்ற உருவம். இலத்தீனில் அரசனுக்குச் சொல்லும் 'ரெக்ஸ்'கூட அதே வேரில் பிறந்ததுதான். அந்த வாசிப்பு சரியென்றால், ரோமர் தங்கட சொந்தக்காரச் சொல்லையே அடையாளம் தெரியாமல் ஒரு ஆளின் பெயராக எழுதிவைத்திருக்கிறார்கள். கடல் தாண்டிப் போன மனிசனின் சொந்தப் பெயர் எங்குமே இல்லை.

எங்களில் ஒருத்தியின் அக்கா லண்டனில். இங்கே அப்பாவின் பெயர் அவவுக்கு முன்னெழுத்தாக மட்டும் நின்றது; அங்கே அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. வேலையிடத்தில் 'மிஸ் ராசன்'. தமிழ்க் காதுக்கு 'அன்' ஆண்பால். ஆங்கிலக் காதுக்கு அது வெறும் சத்தம். அப்பா செத்து ஒன்பது வருசம். ஒரு நாளைக்கு இருபது தரமாவது அவரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அக்கா சிரிப்பா.

இப்ப எங்களில் மூன்று பேர் பாஸ்போட் படிவம் நிரப்புகிறோம். 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் மூன்றிலும் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.