முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு மிடறு

வெள்ளிக்கிழமை மாலை நிகழ்ச்சியில், "இந்த வார இறுதியில் என்ன திட்டம்?" என்று நேயர்களைக் கேட்பது என் வழக்கம். அடிக்கடி வரும் பதில், "பார்பிக்யூ, அக்கா!" ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அடுப்புக்குப் பதிவு செய்திருப்பார்கள். கோழிக்கு மசாலா தடவி முதல் நாள் இரவே ஊற வைத்திருப்பார்கள். கரி யார் வாங்குவது, பாய் யார் கொண்டு வருவது என்பதெல்லாம் நேரலையிலேயே முடிவாகும். ஆனால் "பீரும் இருக்கும்" என்று ஒரு தமிழ்க் குரல்கூட ஒலிபரப்பில் சொல்லி நான் கேட்டதில்லை. பாட்டு ஓடத் தொடங்கி ஒலிவாங்கியை மூடிய பிறகு குரல் தணியும். "கொஞ்சம் பீரும் இருக்குக்கா. அம்மா ரேடியோ கேட்டுக்கிட்டு இருப்பாங்க, அதான் சொல்லல."

வானொலியில் சொல்லாதது சரிதான். பிள்ளைகளும் கேட்கும் நேரம் அது. ஆனால் அந்த அடங்கிய குரல் நம் வீட்டுக் கூடத்திலும் இருக்கிறது. நம்மில் பலர் குடிக்கிறார்கள், பலர் குடிப்பதில்லை. இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவதுதான் அபூர்வம்.

நான் குடிப்பவள். மாதத்தில் ஒன்றிரண்டு முறை, பெரும்பாலும் தஞ்சோங் பகாரில். ஊடகக் கல்வி படித்தபோது கிடைத்த நண்பர்கள் ஐந்தாறு பேர் அந்த வட்டாரத்து அலுவலகங்களில் வேலை பார்க்கிறார்கள். வேலை முடிந்து டக்ஸ்டன் சாலைப் பக்கமோ கியோங் சைக் சாலைப் பக்கமோ கூடுவோம். கிராஃப்ட் பீர் என்பார்களே, சிறிய ஆலைகளில் குறைந்த அளவில் காய்ச்சுவது, அதுதான் எங்களை அங்கே இழுத்தது. சிங்கப்பூருக்கு அது புதிதல்ல. புருவர்க்ஸ் 1997லேயே ஆற்றோரத்தில் தன் பீரைத் தானே காய்ச்சி விற்கத் தொடங்கியது. பின்னாளில் சைனாடவுன் உணவங்காடி நிலையத்தில் சோற்றுக் கடைக்கும் நூடுல்ஸ் கடைக்கும் நடுவே கிராஃப்ட் பீர் கடை வந்தது. இன்று தஞ்சோங் பகாரின் பழைய கடைவீடுகளில், கரும்பலகையில் பத்துப் பன்னிரண்டு வகைகளைச் சாக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பலகையைப் படிக்கத் தெரிந்துகொண்டதுதான் எனக்குக் கிடைத்த முதல் நன்மை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு விழுக்காடு எழுதியிருக்கும். 5 விழுக்காடு என்றால், 330 மில்லிலிட்டர் கேன் ஒன்றில் ஏறக்குறைய 13 கிராம் சுத்த மதுசாரம். அதே அளவு கேன் 7 விழுக்காடு ஐபிஏ என்றால் 18 கிராம். அதையே அரை லிட்டர் கிளாசில் ஊற்றினால் 27 கிராமுக்கு மேல் போய்விடும். "ஒரே ஒரு பீர்தான் குடிச்சேன்" என்று இருவர் சொல்லலாம். ஒருவர் குடித்தது மற்றவர் குடித்ததைப் போல் இருமடங்குக்கு மேல் இருக்கலாம். அதனால் நாங்கள் 100 மில்லிலிட்டர் அளவில் வரும் சின்னக் கிளாஸ்களில் மூன்று நான்கு வகை வாங்கி, கோதுமை பீரில் தொடங்கி கறுப்பு ஸ்டவுட்டில் முடிப்போம். இன்னொன்றையும் நாக்கு கற்றுக்கொண்டது. ஹாப்ஸ் அதிகம் போட்ட கசப்பு பீர், மிளகாய்க் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். மிளகு வறுவலுக்கும் சம்பலுக்கும் மென்மையான கோதுமை பீர்தான் தோது. குடிக்காத தோழிக்கு இஞ்சி பானமும் ஆல்கஹால் இல்லாத பீரும் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. அவள் கையில் வெறும் தண்ணீர்க் கிளாசோடு உட்கார்ந்திருந்த காலம் போய்விட்டது.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது: மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. எனவே நல்லது என்பதற்காக நான் குடிப்பதாகச் சொல்ல மாட்டேன். குடிக்கிறவர்கள் அளவு தெரிந்து குடிக்கட்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. மறைத்துக் குடிப்பவருக்கு அளவு இருக்க முடியாது. யாராவது வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரமே அளவைக் கெடுத்துவிடும்.

இந்த அளவு விஷயம் எங்கள் வீட்டில் வெறும் பேச்சு அல்ல. அம்மாவின் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போருக்கு முன்பு, மீசை அரும்பாத வயதில் கப்பலேறி வந்தவர். இதே தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அந்தக் காலத்தில் இந்தியத் தொழிலாளர்களுக்கென்று இங்கே கள்ளுக்கடைகள் இருந்தன. சம்பள நாளில் தாத்தா நேராக அங்கே போவார். பாட்டி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நிற்பார். உள்ளே போகப் பெண்களுக்கு வழக்கமில்லை. மிச்சக் காசு வருகிறதா, மிச்ச மனிதர் வருகிறாரா என்று பார்ப்பதற்காக அந்தக் காத்திருப்பு. 1930களில் சீர்திருத்தம் பேசிய தமிழர்கள் கள்ளை எதிர்த்தும் பேசினார்கள் என்று படிக்கும்போது, எனக்கு மேடை தெரிவதில்லை. வாசலில் நிற்கும் பாட்டிதான் தெரிகிறார்.

கள்ளைப் பற்றி யோசித்தால் ஒன்று உறுத்தும். தென்னையிலிருந்து இறக்கிய சில மணி நேரத்தில், காற்றில் இருக்கும் ஈஸ்ட்டால் தானாகவே நொதிக்கிறது. வடிகட்டி மெருகேற்றுவதில்லை, பதப்படுத்துவதில்லை, அன்றைக்கு இறக்கியதை அன்றைக்கே குடிக்க வேண்டும். வீரியமும் பீருக்கு அருகில்தான். இன்று நாங்கள் கிளாசுக்குப் பதினைந்து வெள்ளிக்கு மேல் கொடுத்து, "வடிகட்டாதது, உயிருள்ளது, சின்ன ஆலையில் செய்தது" என்று புகழும் குணங்கள் அத்தனையும் அந்தக் கள்ளுக்கு இருந்தன. தாத்தாவை அழித்தது பானத்தின் தரம் அல்ல. வெறும் வயிற்றில், நின்றபடி, நாள் முழுக்க மூட்டை தூக்கிய உடம்போடு, வீட்டார் யாரும் வர முடியாத இடத்தில் அவர் குடித்தார். எதிரே உட்கார்ந்து "போதும்" என்று சொல்ல ஒருவர் இல்லை.

அந்தத் துறைமுகம் இப்போது காலி. தென்கிழக்காசியாவின் முதல் கொள்கலன் முனையம் 1972ல் திறந்தது அங்கேதான். இப்போது வேலையெல்லாம் துவாஸுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலிருந்த ரயில் நிலையத்திலும் ரயில் இல்லை. 1932ல் திறந்த அந்த நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயில் புறப்பட்டது. பயணம் போகிறவர்கள் ரயிலேறும் முன் அங்கிருந்த கடைகளில் பரோட்டாவும் தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மலேசியாவுக்குப் போகாதவர்களும் சாப்பிடுவதற்காகவே அங்கே போனதுண்டு. எங்கள் குடும்பமும் அப்படித்தான். பயணத்தில் எங்கே சாப்பிடலாம் என்று இன்று கைபேசியில் தேடுகிறோம். அன்று அம்மாவுக்குத் தெரிந்த ஒரே பதில் அந்த நடைமேடைதான்.

இப்போது வெளியூர் விருந்தினர் வந்தால் தஞ்சோங் பகாருக்கு அழைத்துப் போகிறேன். மதியமானால் மேக்ஸ்வெல் அல்லது அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையம். மாலையில் கியோங் சைக் சாலையின் லயன் சித்தி விநாயகரை ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடக்கலாம். பழைய சிப்பாய் லைன் குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளையார் என்பதால் லயன் என்ற பெயர். இருட்டியதும் லாவ் பா சாட் பக்கம் போனால் பூன் டாட் ஸ்திரீட்டில் வாகனங்களை நிறுத்திவிட்டு நடுச்சாலையில் சாத்தே சுடுவார்கள். அல்லது தஞ்சோங் பகார் சாலையிலேயே வரிசையாக இருக்கும் கொரிய உணவகங்களில் ஒன்று, மேசை நடுவே கரி அடுப்போடு.

தமிழ்க் குடும்பமாகக் கொரிய உணவகத்துக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அங்கே முதலிடம் பன்றி இறைச்சிக்கும் மாட்டிறைச்சிக்கும். நம் மேசையில் மாடு சாப்பிடாத பெரியம்மாவோ சைவம் சாப்பிடும் சித்தப்பாவோ நிச்சயம் இருப்பார். கோழியும் காளானும் முதலில் சுடச் சொல்லுங்கள். இறைச்சி மாறும்போது புதுத் தகடு கேளுங்கள், மாற்றித் தருவார்கள். கிம்ச்சியைச் சைவம் என்று நம்பிவிட வேண்டாம். மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ப்பது வழக்கம், கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. ஹலால் வேண்டுமென்றால் சான்றிதழைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பச்சைப் போத்தலில் தண்ணீர்போலத் தெரியும் சோஜுவிடம் எச்சரிக்கை தேவை. 16, 17 விழுக்காட்டுப் போத்தல் ஒன்று, சாதாரண பீர் கேன் மூன்றரைக்குச் சமம்.

தம்பியின் பிறந்தநாளுக்கு அம்மாவை அப்படி ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். பக்கத்து மேசையில் ஒரு கொரியக் குடும்பம், மூன்று தலைமுறை. இருபது வயதுப் பேரனுக்குத் தாத்தா ஊற்றினார். பேரன் கிளாசை இரண்டு கையாலும் பிடித்து வாங்கினான். பிறகு தாத்தாவுக்கு நேராகக் குடிக்காமல், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு குடித்தான். அம்மாவின் கண் அங்கேயே இருந்தது.

"ஏன் அந்தப் பையன் திரும்பிக்கிட்டான்?"

"பெரியவங்க முன்னாடி குடிக்கிறப்போ அவங்க காட்டுற மரியாதைம்மா. தனக்குத் தானே ஊத்திக்கவும் மாட்டாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர்தான் ஊத்துவாங்க."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. காளானைத் திருப்பிப் போட்டார். பிறகு சொன்னார்: "நம்ம வீட்டுல ஆம்பளைங்க வீட்டையே விட்டுத் திரும்பிப் போவாங்க. இவங்க முகத்தை மட்டும் திருப்புறாங்க."

கள்ளுக்கடை வாசலில் பாட்டியின் இடுப்பில் இருந்த அந்தக் குழந்தைதான் அம்மா. அவர் சொன்னதை நான் ஒரு பாராட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. கொரியர்களிடமும் குடியால் கெட்ட குடும்பங்கள் இருக்கும். ஆனால் நம்மில் பலர் மறைவதை மரியாதை என்று பழகிவிட்டோம். அவர்களிடம் பெரியவர் கண்ணெதிரே இருப்பதே மரியாதையின் ஒரு பகுதி. தாத்தா ஊற்றுகிறார் என்றால் எத்தனை கிளாஸ் ஆயிற்று என்பதும் தாத்தாவுக்குத் தெரியும்.

அதே சனிக்கிழமை இரவில் லிட்டில் இந்தியாவில் வேறொரு நிலைமை. 2013 டிசம்பர் 8ஆம் தேதி நடந்த கலவரத்துக்கு மது ஒரு முக்கியக் காரணம் என்று விசாரணைக் குழு கண்டது. 2015 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் முழுவதும் பொது இடங்களில் இரவு 10.30லிருந்து காலை 7 மணிவரை குடிக்கத் தடை. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் கட்டுப்பாட்டு வட்டாரங்கள் ஆயின. அங்கே பொது இடங்களில் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணிவரை குடிக்கவே கூடாது. அங்கு குடியிருப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி என்பதை நேயர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் தாத்தாவைப் போலவே உடம்பால் உழைக்க வந்த ஒரு தமிழ் இளைஞரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தஞ்சோங் பகாரில் எனக்கு ஒரு நாற்காலி, ஒரு மேசை, சாப்பாடு, "போதும்டி" என்று சொல்லத் தோழிகள், எல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கின்றன. அவருக்கு ஓய்வு நாளில் உட்கார்ந்து நாலு பேரோடு கறி சுட்டுச் சாப்பிட ஓர் இடமே அரிது. விடுமுறை நாளில் வெளிநாட்டு ஊழியர்களையும் தங்கள் பார்பிக்யூவுக்கு அழைக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். மது இல்லாத அந்த விருந்துகளில் அடுப்பைச் சுற்றி எழும் சிரிப்பு, எந்தப் பீர் கடைக்கும் குறைந்ததல்ல.

எங்கள் குழுவில் இப்போது எழுதாத விதிகள் சில உண்டு. சாப்பாடு வந்த பிறகுதான் முதல் கிளாஸ். ஒவ்வொரு கிளாசுக்கும் நடுவே ஒரு கிளாஸ் தண்ணீர். கார் எடுத்து வந்தவர் அன்று குடிக்க மாட்டார். மூச்சில் 100 மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராம் என்ற சட்ட வரம்பைக் கணக்குப் போட்டுக்கொண்டு யாரும் உட்காருவதில்லை. குடிக்காதவர் "ஏன் குடிக்கல?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கட்டணத்தைப் பிரிக்கும்போது அவரிடம் பீருக்குக் காசு வாங்குவதில்லை.

அம்மா இன்றும் பீரைத் தொடுவதில்லை, தொடப் போவதும் இல்லை. நான் குடிப்பது அவருக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனால் அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: "எங்கே போறே, யார் கூடப் போறே, எப்படித் திரும்பி வர்றேன்னு சொல்லிட்டுப் போ." மாதத்தில் ஒன்றிரண்டு வெள்ளிக்கிழமை அவருடைய கைபேசிக்கு என் குறுஞ்செய்தி போகிறது: "தஞ்சோங் பகார். பழைய கூட்டம். ரெண்டு கிளாஸ். எம்ஆர்டி." பத்து நிமிடத்தில் பதில் வரும்: "சாப்பிட்டுக் குடி."